லேசரா, கத்தியா, கதிரா? மூளைச் சிகிச்சையைத் தழும்பின் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

மாத்திரைக்கு அடங்காத வலிப்போ, ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கட்டியோ இருக்கிற ஒருவரின் வீட்டில் லேசர் என்ற பேச்சு வந்ததும் முதலில் எழுகிற கேள்வி, "அப்போ தலையைத் திறக்க வேண்டாமா?" என்பதுதான். ஆமாம், திறக்க வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் சொச்சம் அகலத்தில் ஒரு துளை, ஒன்றிரண்டு தையல், பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதைக் கேட்டதுமே மனசு பாதி முடிவை எடுத்துவிடுகிறது, எனக்குக் கவலையே அங்கேதான். துளை எவ்வளவு சின்னது என்பது இந்த முடிவில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய விஷயம். கோளாறு மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடம்தான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது, அதை அழிக்கும்போது கூடவே எது போகும், முதல் முயற்சி பலிக்காவிட்டால் அடுத்து என்ன வழி மிச்சம் இருக்கும், இவை எல்லாம் அதற்கு முன்னால் வருகின்றன.

வலிப்பைப் பற்றி அதிகமாகவும் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகவும் எழுதப்போகிறேன். இரண்டு மூன்று நல்ல வழிகள் ஒரே நேரத்தில் எதிரே நின்று குழப்புவது வலிப்பில்தான் அதிகம்.

லேசரா கத்தியா என்று யோசிக்கிற இடத்துக்கு வருவதற்கு முன்பே பலர் வருஷக்கணக்கை இழந்துவிடுகிறார்கள். இந்த மாத்திரை சரிப்படவில்லை, வேறு பார்ப்போம் என்று மூன்றாவது, நான்காவது, ஆறாவது என்று போய்க்கொண்டே இருக்கும். கிளாஸ்கோவில் குவானும் பிராடியும் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வலிப்பு மருந்தே எடுக்காத 470 பேரில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது, இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம் பேருக்கு. அதற்கப்புறம் மாற்றி மாற்றிப் பார்த்ததில் கூடுதலாகக் கிடைத்தது வெறும் 4 சதவீதம். அதனால்தான் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-இல் ஒரு கோடு போட்டது: சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களை அறுவை சிகிச்சை செய்கிற வலிப்பு மையத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும், இன்னொரு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பக் கூடாது. வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் வேறு காரணமே இல்லாமல் திடீரென்று இறந்துபோகிறார்கள், பெருவலிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே எதுவும் செய்யாமல் இருப்பதையும் ஒரு தேர்வாகவே எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் விலை உண்டு.

சரி, லேசர் சிகிச்சையில் நடப்பது என்ன? மெல்லிய இழை ஒன்றின் வழியாக லேசர் ஒளியை மூளைக்குள் செலுத்தி, கோளாறான திசுவைச் சூட்டால் அழிக்கிறார்கள்.

வலிப்பில் இதற்கு அதிகம் ஆளாகும் இடம் ஹிப்போகேம்பஸ். நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் இருக்கும் டெம்போரல் மடலின் அடியில், முன்னும் பின்னுமாக நீளவாக்கில் கிடக்கிற பகுதி அது, புதிய நினைவுகளைப் பதிய வைக்கிற வேலை அதனுடையது. அது நீளவாக்கில் கிடப்பதால் லேசர் இழையைப் பக்கவாட்டிலிருந்து செலுத்தாமல் பின்மண்டையில் துளை போட்டு, அதன் நீளத்துக்கே ஒத்துப்போகிற மாதிரி முன்னோக்கிச் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கம்தான் கொடுக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் இரண்டு கருவிகளில் ஒன்றான விஷுவலேஸின் குழாய் 1.65 மில்லிமீட்டர் அகலம், உள்ளே இழை, அதைச் சுற்றி உப்புநீர் ஓடிக் குளிர்விக்கிறது. இன்னொன்றான நியூரோபிளேட்டில் கரியமில வாயு குளிர்விக்கிறது, அதில் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பிவிடவும் முடியும்.

இழை போய்ச் சேர்ந்ததும் நோயாளி எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் இருப்பார், மருத்துவர் பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் இருப்பார். முதலில் குறைந்த சக்தியில் சில விநாடி மட்டும் லேசரைப் போட்டு, சூடு நினைத்த இடத்தில்தான் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம்தான் சக்தியைக் கூட்டுகிறார்கள். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருவின் அதிர்வெண் சூடு ஏற ஏறக் கொஞ்சமாக நகர்கிறது, எம்ஆர்ஐ அந்த நகர்வை அளந்து வெப்பநிலையாக மாற்றிச் சில விநாடிகளுக்கு ஒரு தடவை படத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கூடவே, எந்தப் பகுதி இனி பிழைக்காது என்று கணக்குப் போட்டு அதன்மேல் ஆரஞ்சு நிறத்தைப் பூசிக் காட்டும். 43 டிகிரியில் திசு சாக நிமிடக்கணக்கில் நேரம் பிடிக்கும், 60-ஐத் தாண்டினால் அந்தக் கணமே வெந்துபோகும். பார்வை நரம்புப் பாதை மாதிரி தொடவே கூடாத இடங்களின்மேல் மருத்துவர் முன்கூட்டியே புள்ளி வைத்து ஒரு வரம்பு குறித்துவிடுவார், அங்கே சூடு அந்த அளவைத் தொட்டதும் லேசர் தானாக அணைந்துவிடும். இழையின் நுனிப் பக்கத்திலும் 90 டிகிரி வாக்கில் ஒரு வரம்பு இருக்கும், அதற்கு மேல் போனால் திசு கருகும், ஆவியாகும். ஒரு இடத்தில் முடிந்ததும் இழையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து அடுத்த இடம். சுடுகிற நேரம் என்று பார்த்தால் சில நிமிடங்கள்தான், மற்றபடி துளை போடுவது, இழையைச் சரியாக வைப்பது, ஸ்கேன் என்று பல மணி நேரம் ஆகிவிடும்.

லேசரை உடம்புக்குள் செலுத்தித் திசுவை வேக வைக்கலாம் என்று ஸ்டீபன் பவுன் 1983-இலேயே எழுதிவிட்டார், 1990-இல் ஜப்பானில் சுகியாமா குழு மூளைக் கட்டியில் செய்தும் பார்த்தது. ஆனாலும் சூடு எங்கே பரவுகிறது என்று அந்த நேரத்திலேயே பார்க்க வழி இல்லாதவரை இது பரவவில்லை. எம்ஆர்ஐ வெப்பமானி வந்த பிறகுதான், அமெரிக்காவில் 2007-இலும் 2009-இலும் இந்த இரண்டு கருவிகளுக்கும் அனுமதி கிடைத்தது. இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி லேசரைவிட அந்த வெப்பப் படம்தான் என்று நான் நினைக்கிறேன். அது தப்பாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது எதிர்ப்பக்கம். மண்டையோட்டில் ஒரு ஜன்னல் திறந்து, டெம்போரல் மடலின் முன்பகுதியில் சில சென்டிமீட்டரையும் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ், அதை ஒட்டி முன்னால் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆகியவற்றையும் எடுத்துவிடும் பழைய ஆபரேஷன். பழையது என்பதாலேயே பலர் இதை மட்டமாக நினைக்கிறார்கள், அது பெரிய தவறு. வலிப்புச் சிகிச்சையிலேயே மிக உறுதியான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. கனடாவில் வீபி குழு 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2001-இல் வந்தது. ஒரு வருடத்தில், சுயநினைவைக் கெடுக்கும் வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் குழுவில் 58 சதவீதம், மருந்துக் குழுவில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 116 குழந்தைகளிடம், டெம்போரல் மட்டுமல்லாமல் பல வகை ஆபரேஷன்களைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது, அதில் ஆபரேஷன் குழுவில் 77 சதவீதம், மருந்துக் குழுவில் 7 சதவீதம். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி அடிக்கடி பார்க்கக் கிடைக்காது.

லேசருக்கு வருவோம். அமெரிக்காவின் 11 மையங்களில் டெம்போரல் வலிப்புக்கு லேசர் செய்துகொண்ட 234 பேரின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்திலும் சரி, இரண்டு வருடத்திலும் சரி, 58 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். வீபி ஆய்விலும் 58, இதிலும் 58, அப்போ இரண்டும் சமம்தானே என்று தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது. முதலாவது குலுக்கல் ஆய்வு, அதுவும் ஆபரேஷன் குழுவில் சேர்ந்தும் கடைசியில் ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களையும் சேர்த்து எண்ணியது. இரண்டாவது, ஏற்கெனவே செய்தவர்களின் கோப்புகளைப் புரட்டித் தொகுத்தது. திறந்து செய்யும் ஆபரேஷனை நல்ல மையங்களில், பொருத்தமான ஆட்களுக்குச் செய்தால் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே வலிப்பு நிற்பதை மட்டும் பார்த்தால் கத்திக்குத்தான் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது என்பது என் வாசிப்பு. லேசரை ஆதரிப்பவர்களும் இதை நேர்மையாக ஒத்துக்கொள்கிறார்கள்.

"நல்ல நிலை" என்றால் என்ன என்று கட்டாயம் கேளுங்கள். எங்கல் அளவுகோலில் முதல் வகுப்பு என்று சொல்வார்கள். வாழ்க்கையைக் குலைக்கும் வலிப்பு இல்லை என்றுதான் அதற்குப் பொருள், ஒன்றுமே இல்லை என்று பொருள் இல்லை. வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி வருகிற மாதிரி, முன்பே பார்த்த இடம் மாதிரி என்று சில விநாடி முன்னறிகுறி மட்டும் வந்துபோகிறவர்களும் அதே வகுப்பில்தான் இருப்பார்கள். எவ்வளவு காலம் கவனித்த பிறகு சொல்கிறார்கள் என்பதும் முக்கியம், ஆறு மாதத்துக் கணக்கை ஐந்து வருஷத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

அப்படியானால் யாராவது ஏன் லேசருக்குப் போக வேண்டும்? இங்கேதான் விஷயத்தின் சாரம் இருக்கிறது, தழும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திறந்து செய்யும்போது உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸைச் சென்றடைய, வழியில் இருக்கிற, பெரும்பாலும் ஒரு குற்றமும் செய்யாத வெளிப்பகுதியை எடுத்தோ வெட்டியோதான் ஆக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மொழி இடது பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்து டெம்போரல் மடலின் முன்பகுதி பொருள்களின் பெயரை எடுத்துக் கொடுக்கிற வேலையில் பங்கு வகிக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கும் சோதனையில் ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். ஏணி. பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும், கையை மாற்றி மாற்றி மேலே தூக்கி ஏறிக்கூடக் காட்டுவார், "சுவத்துல சாத்தி வெச்சு ஏறுவோமே, அது" என்பார், பெயர் மட்டும் வராது. முதல் எழுத்தைச் சொன்னால் சட்டென்று வந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வகுப்பெடுப்பவருக்கு, வக்கீலுக்கு, கடையில் நாலு பேரிடம் பேசிப் பிழைப்பவருக்கு நாள் முழுக்க இப்படி நடந்தால் வேலையே ஆடிப்போகும். எமோரி பல்கலைக்கழகத்தில் டேனியல் டிரேன் குழு 2015-இல் இதை ஒப்பிட்டுப் பார்த்தது. திறந்து செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் சொல்வதிலோ, தெரிந்த முகங்களையும் இடங்களையும் அடையாளம் காண்பதிலோ ஏதாவது ஒன்றில் சரிவு இருந்தது, லேசர் குழுவில் அந்தச் சரிவு இல்லை. சிறிய குழுக்கள்தான், குலுக்கல் ஆய்வும் இல்லை, ஆனாலும் உடற்கூறு சொல்வதோடு இது பொருந்திப்போகிறது: லேசர் இழை வெளிப்பகுதியைத் தொந்தரவு செய்யாமல் நேராக உள்ளே போய்விடுகிறது.

இதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் "லேசர் செய்தால் ஞாபகம் போகாது" என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. பெயர் சொல்வது வேறு, நினைவில் பதிப்பது வேறு. ஹிப்போகேம்பஸையே சுட்டு அழிக்கும்போது, அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஹிப்போகேம்பஸாக இருந்தால், லேசரில் அழித்தாலும் நினைவுத்திறன் குறையத்தான் செய்யும். ஏற்கெனவே சுருங்கித் தழும்பாகிப்போன ஹிப்போகேம்பஸ் என்றால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இல்லை. ஆக, ஸ்கேனில் தெளிவாகச் சுருங்கியிருந்து, நினைவுச் சோதனையிலும் அந்தப் பக்கம் மோசமாக இருந்தால் இரண்டு வழியிலும் பயம் குறைவு. ஸ்கேன் பார்க்க நன்றாக இருந்து, சோதனையிலும் நினைவு நன்றாக இருந்து, இடது பக்கமாகவும் இருந்தால் எந்த வழியானாலும் நிறைய யோசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கை வைப்பது ஏன் நடக்காது என்பதற்கு ஹென்றி மோலைசன் என்ற வலிப்பு நோயாளியின் கதை ஒன்றே போதும். 1953-இல் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு இரண்டு பக்கத்து உட்பகுதியையும் எடுத்துவிட்டார். அதற்கப்புறம் 2008-இல் இறக்கும்வரை அவருக்குப் புதிய நினைவுகள் தங்கவே இல்லை.

லேசரின் இன்னொரு பலம் வரிசை சம்பந்தப்பட்டது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வாதம். லேசர் செய்து வலிப்பு நிற்கவில்லை என்றால் மறுபடியும் லேசர் செய்யலாம், அல்லது திறந்து செய்யலாம். கதவு எதுவும் மூடிப்போகாது. திறந்து எடுத்துவிட்ட பிறகு எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. குறைவாக அழிப்பதிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அதிகத்துக்குப் போகலாம் என்ற நிம்மதி, இடது பக்கம் மொழி உள்ள, பேச்சை நம்பிப் பிழைக்கிற ஒருவருக்குப் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். வலது பக்கத்தில் தெளிவான தழும்பு இருக்கிற, ஒரே தடவையில் முடிந்துவிட வேண்டும், மறுபடியும் மருத்துவமனைக்கு வரவே கூடாது என்று நினைக்கிற ஒருவருக்கு நான் கத்தியைத்தான் சொல்வேன். அவரிடம் துளை சின்னது என்று சொல்லி லேசரைக் காட்டுவது அவருக்குச் செய்யும் நல்லது ஆகாது.

கதிர் சிகிச்சையைப் பற்றி இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்ஸெல் 1951-இல் உருவாக்கிய யோசனையின் வழியில் வந்த, வெளியிலிருந்து கதிர்களை ஒரே இடத்தில் குவிக்கும் காமா நைஃப் சிகிச்சையில் தலையில் துளையே கிடையாது, அதனால் கேட்க இன்னும் சுலபமாக இருக்கும். ஆனால் டெம்போரல் வலிப்புக்கு அதன் பலன் தெரிய ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், அதுவரை வலிப்பு வந்துகொண்டேதான் இருக்கும், நடுவில் வீக்கத்தால் தலைவலி வந்து ஸ்டீராய்டு எடுக்க வேண்டியிருக்கும். 58 பேரிடம் நடந்த ரோஸ் என்ற குலுக்கல் ஆய்வு 2018-இல் வந்தது. மூன்றாவது ஆண்டில் வலிப்பில்லாமல் இருந்தவர்கள் கதிரில் 52 சதவீதம், ஆபரேஷனில் 78 சதவீதம். மயக்கம் கொடுக்கவே முடியாதவர்களுக்கு, ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு டெம்போரல் வலிப்பில் இதை முதல் தேர்வாக வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

போட்டியே இல்லாமல் லேசர் ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. ஹைப்போதலாமஸ் ஹமர்ட்டோமா என்று குழந்தைகளுக்கு மூளையின் அடி ஆழத்தில் பிறவியிலேயே இருக்கும் சின்னத் திசுக்கட்டி. அதில் வருகிற வலிப்பு சிரிப்பாக வரும். குழந்தை காரணமே இல்லாமல், முகத்தில் சந்தோஷமே இல்லாமல் சிரிக்கும், சில விநாடியில் நின்றுவிடும், ஒரு நாளைக்குப் பல தடவை. பெற்றோர் ரொம்ப நாள் அதை வலிப்பென்றே நினைக்க மாட்டார்கள். அந்த இடத்துக்குத் திறந்து போவது ஆபத்து: பசி, தாகம், உடல் வெப்பம், ஹார்மோன் எல்லாவற்றையும் ஆளும் பகுதி அது, பக்கத்திலேயே பார்வை நரம்பும் பெரிய ரத்தக் குழாய்களும். டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையில் கரி குழு லேசர் செய்த 71 பேரின் முடிவை 2018-இல் வெளியிட்டது. ஒரு வருடத்தில் 93 சதவீதம் பேருக்குச் சிரிப்பு வலிப்பு நின்றிருந்தது, நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருந்தது. இந்த நோய் உள்ள குழந்தையின் பெற்றோர் என்னிடம் கேட்டால் வேறு எதையும் ஒப்பிடச் சொல்ல மாட்டேன், இதை அதிகம் செய்த மையத்தைத் தேடிப் போகத்தான் சொல்வேன்.

வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்றே பிடிபடவில்லை, அல்லது இரண்டு மூன்று இடங்களிலிருந்து கிளம்புகிறது என்றால் லேசரும் உதவாது, கத்தியும் உதவாது. அங்கே மின்கருவிகள்தான். கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி 1997-இலிருந்து இருக்கிறது, வலிப்பு தொடங்குவதை உணர்ந்து அங்கேயே மின்துடிப்பு கொடுக்கும் ஆர்என்எஸ் கருவிக்கு 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, ஒன்பது ஆண்டுக் கணக்கில் வலிப்பின் எண்ணிக்கை முக்கால் பங்கு குறைந்தது என்பது அதன் நடுமதிப்பு. குறைக்கும், முழுசாக நிறுத்துவது சிலருக்குத்தான். எந்தத் திசுவையும் அழிக்காது என்பது இதன் பெரிய நிம்மதி. வலிப்பின் இடத்தைக் கண்டுபிடிக்க உள்ளே செலுத்தும் மெல்லிய மின்முனைகள் வழியாகவே சூடேற்றிச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சுடும் முறையும் இருக்கிறது, லேசர் கருவி இல்லாத இடங்களில் அது நல்ல இடைவழி. தலையைத் தொடாமல் ஒலி அலையால் சூடேற்றும் முறை கைநடுக்கத்துக்கு 2016-இலிருந்து அனுமதியோடு நடக்கிறது, மூளையின் நடுப்பகுதிக்கு அது எட்டுகிற அளவுக்கு ஓரங்களுக்கு எட்டுவதில்லை.

கட்டிகளில் கணக்கு வேறு மாதிரி போகும். எட்டுகிற இடத்தில் இருக்கும் பெரிய கட்டிக்கு லேசர் சரிப்படாது, ஏனென்றால் லேசர் எதையும் வெளியே எடுப்பதில்லை. வெந்த திசு உள்ளேயே கிடக்கும், முதல் சில நாளில் வீங்கும், ஸ்கேனில் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்து வீட்டாரைப் பயமுறுத்தும், அப்புறம் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். ஏற்கெனவே மூளையை நெருக்கிக்கொண்டிருக்கும் கட்டியில் அந்த வீக்கத்துக்கு இடம் இல்லை. பொதுவாக மூன்று சென்டிமீட்டருக்குள் இருப்பவற்றுக்குத்தான் லேசரை யோசிக்கிறார்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியில், முடிந்த அளவுக்கு எடுத்துவிட்டுக் கதிரும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்தும் கொடுப்பதுதான் இன்றும் அடிப்படை. 2005-இல் வந்த ஸ்டுப் ஆய்வில் கதிரோடு அந்த மருந்தைச் சேர்த்ததால் உயிர்வாழும் காலத்தின் நடுமதிப்பு 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் போன்ற, கத்தி போக முடியாத ஆழத்தில் இருந்தால், அல்லது சிகிச்சைக்குப் பிறகு சின்னதாகத் திரும்பி வந்தால் லேசருக்கு இடம் உண்டு. குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால அவகாசம் கிடைக்கலாம், நடமாட்டத்தோடு இருக்கிற நாட்கள் கூடலாம், அந்த நோயில் அதுவே பெரிய விஷயம்.

கதிர் கொடுத்த இடத்தில் மாதங்களோ வருஷங்களோ கழித்துத் திசு செத்து வீங்குவதுண்டு, ஸ்கேனில் கட்டி திரும்பி வந்ததா அல்லது கதிரின் காயமா என்று பிரித்துச் சொல்வதே கடினம். இங்கே லேசர் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு, ஏனென்றால் அதே துளை வழியாக முதலில் ஒரு துளி திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, கையோடு சுடவும் செய்யலாம். அதற்கு முன் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு, சிலருக்கு பெவாசிஸுமாப் என்ற மருந்து கொடுத்துப் பார்த்துவிடுவார்கள். ஸ்டீராய்டை நிறுத்தவே முடியாமல், முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, தொடை பலமிழந்து எழுந்திருக்கச் சிரமப்படும் நிலைக்கு வந்தவர்களுக்கு லேசர் உதவலாம்.

லேசரின் ஆபத்துகளைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும், சின்னத் துளை என்ற சொல் அவற்றை மறைத்துவிடுகிறது. இழை போகும் வழியில் ரத்தக்கசிவு ஏற்படலாம். பார்வைப் பாதை பக்கத்திலேயே இருப்பதால் பார்வையின் ஒரு பகுதி போகலாம், திறந்து செய்வதிலும் இந்த ஆபத்து உண்டு. ரத்தக் குழாயோ மூளைநீர் அறையோ பக்கத்தில் இருந்தால் சூட்டை அது இழுத்துக்கொண்டு போய்விடும், அந்த ஓரம் வேகாமல் நின்றுவிடும், வலிப்பும் நிற்காது. மேலே சொன்ன 234 பேர் ஆய்விலும், ஹிப்போகேம்பஸின் முன்பகுதியும் அமிக்டலாவும் நன்றாக அழிந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதலாக இருந்தது. அப்புறம் அந்த வெப்பப் படம். 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளைப் பற்றி மருத்துவர்களுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது: எம்ஆர்ஐயின் வெப்ப அளவீடு தவறக்கூடும், படம் எடுத்து வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் சூடு திரையில் காட்டுவதைவிட அதிகம் பரவியிருக்கலாம், வேண்டாத இடம் வெந்துபோகலாம் என்று. இதற்காகச் சிகிச்சையை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் திரைக்கு முன்னால் உட்காருபவரின் அனுபவம் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

அதனால் மருத்துவரிடம் போகும்போது, இதே நோய்க்கு, இதே இடத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், இரண்டு வருஷம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். உலக அளவுச் சதவீதம் வேண்டாம், உங்கள் மையத்துக் கணக்கைச் சொல்லுங்கள் என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. லேசர் மட்டும் செய்கிற இடத்தில் லேசரையும், கத்தி மட்டும் பிடிக்கிற இடத்தில் கத்தியையும்தான் பெரும்பாலும் சொல்வார்கள், யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, கையில் இருப்பதைத்தான் எல்லாரும் கொடுப்பார்கள். எல்லா வழிகளையும் செய்யக்கூடிய இடத்தில் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. அப்படி ஒரு இடம் எட்டாத தூரத்தில் இருந்தால், லேசர் இங்கே வரட்டும், அதுவரை பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திறந்து செய்யும் ஆபரேஷன் இன்றைக்கே கிடைக்கிறது, பலனும் நிரூபணமானது, தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் வலிப்போடு கழிகிற வருஷம்.

எந்த வழியானாலும் சிகிச்சைக்கு முன்னாலேயே நினைவு, பெயர் சொல்லுதல், மொழி எந்தப் பக்கம் ஆகியவற்றை முறையாகச் சோதித்து, அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஏதாவது குறைந்ததா என்று ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும். சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் வீக்கத்தால் ஒன்றிரண்டு வலிப்பு வந்தால் உடனே தோற்றுவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும், வலிப்பே வராவிட்டாலும், நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். குறைப்பதா, எப்போது, எவ்வளவு என்பதை மாதக்கணக்கில் கவனித்துவிட்டு அவர்தான் சொல்ல வேண்டும்.